பத்து கோடி பாட்டும் அப்பாவோட பென்டிரைவும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே.

அப்பாவுக்கு ராயக்கோட்டை மண்டியில இருந்து தக்காளி லோடு ஓட்டுற வேலை. ராத்திரியில தூக்கத்தை விரட்ட பாட்டு வேணும். டி.எம்.எஸ்., சுசீலா, அப்புறம் நம்ம ராஜா. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடையில காசு கொடுத்து, 8 ஜிபி பென்டிரைவ் நிறைய ஏத்தி வச்சிருந்தார்.

2019ல, பெங்களூர்ல பொட்டி தட்டப் போன புதுசுல, நான் ஒரு புண்ணியம் பண்ணேன். "இன்னும் பென்டிரைவா? எல்லாம் போன்லயே இருக்குப்பா"ன்னு ஒரு ஆப் போட்டு, பாட்டெல்லாம் தேடி லிஸ்டும் போட்டுக் கொடுத்தேன். பென்டிரைவை ஃபார்மட் பண்ணி ஃப்ரெண்டு கல்யாண வீடியோவை ஏத்திக்கிட்டேன்.

போன மாசம் அப்பா கூப்பிட்டார். "டேய், பாட்டெல்லாம் வெளுத்துப் போய்க் கிடக்குது. தொட்டா பாட மாட்டேங்குது." வாங்கிப் பார்த்தா 11 பாட்டு சாம்பல் கலர்ல. அவ்வ்வ்வ்...

விஷயம் இதுதான். ஆப்ல பாட்டு நமக்குச் சொந்தமில்ல, வாடகை. உரிமை வச்சிருக்கிற கம்பெனியோட ஒப்பந்தம் முறிஞ்சா பாட்டும் போயிடும். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில இந்தியாவுக்கு வந்துச்சு. ஏப்ரல்ல டெல்லி ஐகோர்ட் வரைக்கும் வழக்கு போய், சரிகம பாட்டெல்லாம் அதுல இருந்து இறங்கிடுச்சு. சரிகமன்னா பழைய எச்.எம்.வி. எத்தனை எம்.எஸ்.வி. பாட்டுன்னு நினைச்சுக்கோங்க! 2020 ஜூன்ல ஒப்பந்தம் ஆச்சு, அப்புறம்தான் திரும்பி வந்துச்சு.

நம்மூர்ல மட்டும்னு இல்ல. நைஜீரியாவுல 2015ல பூம்ப்ளேங்கிற ஆப் டெக்னோ போனுக்குள்ளயே வந்து இறங்குச்சு. நமக்கு 2016 செப்டம்பர்ல ஜியோ. போனும் டேட்டாவும் சல்லிசா கிடைச்சா எந்த ஊரா இருந்தாலும் பாட்டு இப்படித்தான் இடம் மாறும்போல. லாகோஸ் பக்கமும் ஒரு லாரிக்காரர் தன் பாட்டைத் தேடிட்டு இருப்பாரோ என்னவோ.

ஆப்பை மட்டும் குத்தம் சொல்லவும் முடியல. மொபைல் கடையில ஏத்தினது திருட்டுப் பாட்டு, பாடினவங்களுக்கு சல்லிக்காசு போகாது. ஆப்ல கொஞ்சமாவது போகுது. ஆனா அந்தப் பென்டிரைவ்ல எது இருக்கணும்னு அப்பா ஒவ்வொண்ணா உக்காந்து சொல்லி ஏத்தினார். அதை அழிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு வார்த்தை கேக்கல.

கடைக்குப் போனேன். இப்ப அங்க டெம்பர்டு கிளாஸ் மட்டும்தான். "யாரு சார் இப்ப பாட்டு ஏத்துறாங்க?"

அப்பா திட்டவே இல்ல. "விடுறா, அந்த 11 பாட்டை நானே பாடிக்கிறேன்"னாரு. திட்டியிருக்கலாம்.

டிஸ்கி: பழைய பாட்டை முறையா காசு கொடுத்து ஃபைலாவே வாங்க வழி தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. புது பென்டிரைவ் வாங்கிட்டேன்.