கடலில்லா ஊரில் புயல்

புயல் என்பது கடற்கரை மக்களின் கவலை என்றே பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் பலரும் கருதுவர். என் பாட்டனார் அவ்வாறு கருதியதில்லை. “கடலோரத்தில் காற்றாக வரும் புயல், நம் ஊருக்குத் தண்ணீராக வரும்” என்பார்.

அவர் கூற்று உண்மையே. கரை கடந்த புயலின் காற்று தணிந்துவிடும். மழையோ உள்நாட்டிலும் கொட்டித் தீர்க்கும். ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் மருதையாறு அப்போது கரைபுரண்டோடும். 1956 நவம்பர் 23 விடியற்காலையில், பெருமழை வெள்ளத்தால் அவ்வாற்றின் ரயில் பாலம் அரியலூர் அருகே சிதைந்தது. தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அத்துறவை நாம் போற்றுகிறோம். வெள்ளம் புகட்டிய பாடத்தையும் போற்ற வேண்டாமா?

ரயிலையே சாய்த்த நீருக்கு மிதிவண்டியும் பேருந்தும் எம்மாத்திரம்? தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடுகையில் அடியில் சாலை அரிக்கப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. அக்கரையில் உறவினர் திருமணமே எனினும், நீர் வடியாமல் பாட்டனார் ஆற்றில் கால் வைத்ததில்லை. அடைமழை நாளில், ஊறிய மண்சுவர் வீட்டில் எவரையும் உறங்க விடார். அண்டை வீட்டாரையும் எங்கள் ஓட்டு வீட்டுக்கு அழைத்துக்கொள்வார். இன்று உதவிக்கு அழைக்க மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண்ணும் உண்டு.

காத்திருப்பது கோழைத்தனமன்று, வீட்டில் நம்மை எதிர்நோக்கி இருப்போர்க்கு நாம் ஆற்றும் கடமையாகும்.