துருப்பிடிச்ச ஜீப்பும் அறுநூறு ரூபாய் தார்ப்பாயும்

பதிண்டாவுக்கு மாற்றலாகி வந்த ரெண்டாவது வருஷம், 2023 நவம்பரில், நான் ஒரு ஜீப் வாங்கினேன். தங்கமணியிடம் அதைச் சொன்ன விதத்தில்தான் தப்பு. "ஒரு பழைய வண்டி, சல்லிசா வந்துச்சு" என்றேன். பழசு என்றால் ஏதோ 2015 மாடல் கார் என்று நினைத்துக்கொண்டாள். வாசலில் வந்து நின்றது 1972-ல் பதிவான மஹிந்திரா சிஜே-3பி. மகள் ஏறி உட்கார்ந்து, காலடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, ரோடு தெரியுது."

தெரிந்தது. நல்லாவே தெரிந்தது.

விற்றவர் பக்கத்துக் கிராமத்து சர்தார்ஜி, நம்ம கிளையில் முப்பது வருஷமாகக் கணக்கு வைத்திருப்பவர். பருத்தி விவசாயம். ஜீப்பை அவர் ஒன்றும் சீரழிக்கவில்லை. எஞ்சின் அசல் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின், ரெண்டாவது சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது. (இந்த எஞ்சின் கொஞ்சம் உயரம். அதை அடக்குவதற்குத்தான் வில்லீஸ்காரன் 1953-ல் பானட்டைத் தூக்கி வைத்து 3பி என்று கொண்டுவந்தான். நம்ம ஆட்கள் லைசென்ஸ் வாங்கி, அதையே பல வருஷம் செய்து தள்ளினார்கள். மஹிந்திரா கம்பெனி ஆரம்பித்ததே இங்கே பஞ்சாபில், லூதியானாவில்தான். 1945-ல் 'மஹிந்திரா அண்ட் முகமது' என்ற பெயரில் இரும்பு வியாபாரம். அந்த முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆனார். சும்மா தெரிஞ்சு வச்சுக்குங்க.)

பிரச்சினை பாடியில். பதிண்டா காய்ந்த ஊர், கடல் காற்று கிடையாது, ஜீப் ஏன் இப்படித் துருப்பிடிக்கணும்? சர்தார்ஜியே காரணம் சொன்னார். பின்னால் ஏற்றியது எல்லாம் யூரியா மூட்டையும் டிஏபி மூட்டையும். மூட்டையிலிருந்து சிந்துவது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு இடுக்கில் போய் உட்காரும். உப்பு செய்கிற வேலையை அது செய்துவிடும். மேலே பார்த்தால் பச்சை பெயிண்ட் பளபள. ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து குத்தினால் அப்பளம் மாதிரி உடையும்.

பழைய வண்டி வாங்க நினைக்கிறவர்கள் ரெண்டு சாமான் எடுத்துப் போங்க. ஒன்று காந்தம். ஒட்டவில்லை என்றால் அங்கே தகரம் இல்லை, பட்டி. ரெண்டாவது அந்த ஸ்க்ரூடிரைவர். நான் ரெண்டையும் எடுத்துப் போனேன், குத்தியும் பார்த்தேன். அதுக்கப்புறமும் ஏன் வாங்கினேன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இங்கே எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: மண்டி டப்வாலி. பதிண்டாவிலிருந்து ஒரு மணி நேரம். பஞ்சாப் - ஹரியானா எல்லை ஊருக்கு நடுவிலேயே போகும். ஜீப் கட்டுவதில் வடக்கே பேர் போன ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ரோட்டோரம் புத்தம் புது ஜீப் பாடிகளைக் குத்த வைத்திருந்தார்கள், பெயிண்ட் அடிக்காமல், நம்மூரில் அண்டா கடையில் அண்டாவைக் கவிழ்த்து வைத்த மாதிரி. கடைக்காரர் 45,000 சொன்னார். "பழசைத் தூக்கிப் போடுங்க சாப், ரெண்டே நாள், போல்ட்டைக் கழற்றி போல்ட்டை மாட்ட வேண்டியதுதான்" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஜீப்பில் பாடி தனி, சேசிஸ் தனி. சேசிஸ் மேல் ரப்பர் வைத்து, போல்ட்டு போட்டு உட்கார்த்தி வைத்த ஒரு தகரத் தொட்டிதான் பாடி. சேசிஸ் நம்பர் சட்டத்தில் இருக்கிறது, தொட்டியில் இல்லை. அதனால் தொட்டியை மாற்றினாலும் காகிதத்தில் அது அதே வண்டிதான். ஆனால் அந்தக் கடையில் நின்றதெல்லாம் தாழ்ந்த பானட் பாடி. என் வண்டிக்கு உயரமான முன்பக்கம். அதையும் வெட்டி மாற்றித் தருவதாகச் சொன்னார். அப்புறம் எது 3பி? கம்பெனி வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னதும் ஞாபகம் வந்தது. கடன் ஃபைலில் ஆர்.சி. பார்த்தே வயசாகிவிட்ட ஆள் நான், நானே போய் மாட்டினால் நல்லாவா இருக்கும்?

(2021-ல் 'வின்டேஜ்' பதிவு என்று ஒன்று கொண்டுவந்தார்கள். 50 வருஷம் தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிக்கு 'விஏ' எழுத்தோடு தனி நம்பர். ஆனால் கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். எனக்குக் காய்கறி மண்டிக்குப் போகணும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.)

ஆக, ரிப்பேர் என்று முடிவாயிற்று. 2024 பிப்ரவரியில் மிஸ்திரி ஒருவர் பட்டறையில் வண்டியை விட்டேன். முதல் வேலையாக பெட்ரோல் டேங்க்கை இறக்க வைத்தேன். காலி டேங்க்தானே என்றார். காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும், வெல்டிங் பொறி பட்டால் குண்டு. பிறகு தொட்டியைத் தூக்கினோம், நான்கு பேர், ஆளுக்கு ஒரு மூலை. கவிழ்த்துப் போட்டதும் அடியில் தரையைத் தாங்குகிற குழாய் மாதிரி பட்டைகளுக்குள்ளிருந்து மண் கொட்டியது. ஒரு சட்டி நிறைய. அதோடு ஒரு வாசனையும் வந்தது. நனைந்த துரு, மக்கின சருகு.

அங்கே நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுகொண்டேன். கொசுவத்தி சுற்ற வேண்டியிருக்கிறது, பொறுத்துக்குங்க.

2006. போடிப் பக்கம் ஒரு கிளையில் நான் கடன் பிரிவு ஆபீசர். பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்து மூணு வருஷம், வயசு 27. அங்கே ஜீப் என்றால் தெரியுமில்லையா, விடியக்காலம் ஏலத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும். அப்படி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் எங்களிடம் கடன் வாங்கியிருந்தார். அவர் மனைவிக்கு ஆபரேஷன். ஏழு தவணை நின்றுபோச்சு. ஆகஸ்ட்டில் வண்டியை எடுத்துவந்து கிளைக்குப் பின்னால் புளியமரத்தடியில் நிறுத்தினோம். எடுக்கப் போன ஆட்களோடு நானும் போயிருந்தேன். சண்டை ஒன்றும் போடவில்லை அவர். சாவியைத் துடைத்துக் கொடுத்தார்.

மதிப்பீட்டாளர் 85,000 எழுதினார். பாக்கி 1,18,000.

செப்டம்பர் கடைசியில் அவர் கிளைக்கு வந்தார். "சார், மழை வருது. ஒரு தார்ப்பா மட்டும் போட்டுக்கிரட்டுமா? என் காசுதான் சார், அறுநூறு ரூவா." நான் மேனேஜரைக் கேட்டேன். பறிமுதல் செய்த வண்டியில் கடன்காரர் கை வைக்கக் கூடாது, மண்டல ஆபீசுக்கு எழுதிக் கேளுங்க என்றார். எழுதினேன். பதில் வரவில்லை. நினைவூட்டல் ஒன்று போட்டேன், அதற்கும் வரவில்லை. நானே ஒரு தார்ப்பாய் வாங்கிப் போட்டிருக்கலாம். என் சம்பளத்தில் அது ஒரு பணமே இல்லை. தோணவில்லை என்று சொல்ல மாட்டேன், தோணியது. ஆடிட்டில் கேட்பார்களோ என்று பயந்தேன். அவ்வளவுதான்.

மாசம் ஒரு தடவை அவர் வந்து ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துவிட்டுப் போவார். ஐப்பசி அடைமழையில் ரெண்டு வருஷம் நனைந்தது. தரையில் தண்ணீர் நின்று, அதில் புளியஞ்சருகு ஊறி, அதே வாசனை. ரெண்டு ஏலத்துக்கு யாரும் வரவில்லை. 2008 ஜூனில் காயலான் கடைக்காரர் ஒருவர் 31,500-க்கு எடுத்தார். மதிப்பு விழுந்த 53,500-ம் அவர் தலையில்தான் மிஞ்சியது, வட்டியோடு. காலேஜில் வாகனத்துக்குத் தேய்மானம் வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று படித்தோம். துரு அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. அடுத்த மாசமே எனக்கு மாற்றல். மீதியை நகை விற்று அடைத்தார் என்று பின்னால் வந்த ஆபீசர் சொன்னார்.

ஆக, ஸ்க்ரூடிரைவரால் குத்திய பிறகும் ஏன் வாங்கினேன் என்றால், அதுதான். தங்கமணிக்கு இது வரை தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

சரி, பட்டறைக்கு வருவோம். அழுகின தரையை வெட்டுமுன் தொட்டிக்குள் குறுக்கும் நெடுக்கும் ஆங்கிள் இரும்பைத் தற்காலிகமாகப் பற்றவைக்கணும். இல்லையென்றால் தரை போனதும் ரெண்டு பக்கச் சுவரும் விரிந்துவிடும், அப்புறம் சேசிஸ் போல்ட்டு ஓட்டை சேராது. மிஸ்திரி தேவையில்லை என்றார், நான் பிடிவாதமாக நின்றேன். 18 கேஜ் தகரம், கிட்டத்தட்ட 1.2 மி.மீ., துருப்பிடிக்காத இடம் வரும்வரை வெட்டிவிட்டு வைத்தோம். வெல்டிங் ஒரே ஓட்டமாக இழுக்கக் கூடாது. இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி. அவசரப்பட்டால் சூட்டில் தகரம் அலையடிக்கும். ஜிங்க் பூசின ஷீட்டை அப்படியே பற்றவைக்க வந்தார், அந்தப் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும், பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகுதான் விட்டேன். பாங்கி ஆபீசரிடம் வேலை செய்வதற்குப் பேசாமல் போலீஸில் மாட்டலாம் என்று பையனிடம் பஞ்சாபியில் சொன்னார். ரெண்டு வருஷத்தில் அந்த அளவு பஞ்சாபி எனக்குப் புரியும் என்று அவருக்குத் தெரியாது.

ஒரே ஒரு நிஜச் சண்டை. ஒரு சனிக்கிழமை போனால், பின் சக்கர வளைவில் துருவுக்கு மேலேயே துண்டு வைத்து ரிவெட் அடித்து, பட்டி பூசி, ரெட் ஆக்சைடும் அடித்துவிட்டார். பார்க்க அழகு. குத்தினேன், உள்ளே போனது. "வெளியே தெரியாதே சாப்" என்றார். எனக்குத் தெரியுமே. மூணு நாள் பேசவில்லை. அப்புறம் அவரே வெட்டியெடுத்துத் திரும்பச் செய்தார், கூலியும் கேட்கவில்லை. நான்தான் பாதி கொடுத்தேன்.

மே மாதம் லீவில் ஊருக்குப் போனபோது அந்த அண்ணனைத் தேடிப் போனேன். கஷ்டப்படவில்லை, ஜீப் நிற்கிற இடத்து டீக்கடையில் கேட்டதுமே சொல்லிவிட்டார்கள். இப்போது வேறொருவர் பிக்கப் ஓட்டுகிறார். மனைவி நல்லா இருக்காராம். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். "வாங்க சார், முடி கொட்டிருச்சே" என்றார். டீக்கு அவர்தான் காசு கொடுத்தார், என்னை எடுக்க விடவில்லை.

பேச வேண்டும் என்று பதினாறு வருஷமாக வைத்திருந்ததை நான் பேசவில்லை. "அண்ணே, நான் ஒரு பழைய ஜீப் வாங்கியிருக்கேன், தரை மாத்திக்கிட்டிருக்கேன்" என்றுதான் வாயில் வந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தரையில ஓட்டை விட்டாங்களா சார்?"

"ஓட்டையா?"

"தண்ணி வடியிறதுக்கு. பழைய வண்டில நாலு மூலையிலயும் இருக்கும், ரப்பர் அடைப்பு போட்டு. மழைக்காலத்துல அடைப்ப எடுத்து விட்றணும். தண்ணி நிக்கக் கூடாது சார். நின்னா போச்சு."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். நானும் ரோட்டைத்தான் பார்த்தேன்.

பதிண்டா திரும்பிய மறுநாளே பட்டறைக்குப் போனேன். புதுத் தகரத்தில் ஓட்டையே விடவில்லை, வழுவழு என்று பூசி வைத்திருந்தார் மிஸ்திரி. சாக்பீஸால் நாலு வட்டம் போட்டேன். "புதுத் தரையில் ஓட்டையா?" என்று தலையில் அடித்துக்கொண்டு டிரில்லை எடுத்து வந்தார்.