பின்னால் வருகிறவர்கள்



2019 ஆகஸ்டில் நம் வாலிபர் ஐக்கியத்தார் பதினொரு பேர் மூன்று ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் லண்டனிலிருந்து நார்தம்பர்லாந்துக்குப் போனோம். ஸ்காட்லாந்து எல்லையருகே உள்ள கீல்டர் காட்டுச் சாலையில் வண்டி ஓட்ட வேண்டும் என்பது எங்கள் வெகுநாள் ஆசை.

முதல் உலகப் போரில் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் பிரிட்டனில் 1919இல் வன ஆணையம் அமைக்கப்பட்டது. கீல்டரில் 1926இல் மரம் நடத் தொடங்கினார்கள். மனிதர் நட்ட காடுகளில் இங்கிலாந்திலேயே பெரியது இன்று இதுதான். வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்களே இங்கு அதிகம். நடுவில் நின்றால் கனடாவுக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

கீல்டர் கோட்டையிலிருந்து ஏ68 நெடுஞ்சாலை வரை 12 மைல். தார் போடாத பாதை, கல்லும் புழுதியும்தான். ஏறத்தாழ 1,500 அடி உயரம் வரை ஏறுகிறது. எங்கள் கைப்பேசிகளில் சிக்னல் இல்லை.

ஜெபித்துவிட்டுப் புறப்பட்டோம். இப்படிப்பட்ட பாதைகளில் பழகிய ஓர் அண்ணன் ஒரே ஒரு விதி சொன்னார்: "முன்னால போற வண்டியைத் துரத்தாதீங்க. பின்னால வர்ற வண்டி கண்ணாடியில தெரியுதான்னு பாருங்க. தெரியலைன்னா நின்னுடுங்க."

பாதி வழியில் மூன்றாவது வண்டியின் டயர் கூர்கல்லில் கிழிந்தது. அதில்தான் எங்களில் மிகச் சிறியவர்கள் இருந்தார்கள். கூப்பிடவும் வழியில்லை. ஆனால் இரண்டாவது வண்டியின் கண்ணாடியில் விளக்குகள் மறைந்ததும் அது நின்றது. அது தெரியாமல் போனதும் முதல் வண்டியும் நின்றது. யாரும் யாரையும் அழைக்கவில்லை. பத்து நிமிடம் பின்னோக்கி நடந்து போனபோது, பிள்ளைகள் பயந்து வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒரு தம்பி அழுதுவிட்டான். சரளையில் ஜாக்கி புதைந்தது. அடியில் ஒரு பலகை வைத்து வண்டியைத் தூக்கி, ஸ்டெப்னியை மாட்டினோம்.

முன்னால் போகிறவரைப் பிடிக்க ஓடுவதுதான் லண்டனில் நமக்குத் தெரிந்த ஓட்டம்: படிப்பு, வேலை, வீடு. அந்தக் காட்டில் வேகமாகப் போனவர்களால் எங்களுக்கு உதவி வரவில்லை. திரும்பிப் பார்த்தவர்களால்தான் வந்தது.

நம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கும் இப்போது அந்த விதியை வைத்திருக்கிறோம். ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால், மூன்றாவது வாரத்துக்குள் இருவர் அவர் வீட்டுக்குப் போகிறார்கள். ஏன் வரவில்லை என்று விசாரிக்க அல்ல. சேர்ந்து தேநீர் குடிக்க.

உங்கள் கண்ணாடியில் இந்த மாதம் யாருடைய விளக்கு தெரியவில்லை?