தசமியன்று லோரியில் வந்த வீடு

மலேசியாவில் கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையோரத்தில் வீடுகளை வரிசையாக நிறுத்தி வைத்து விற்கிறார்கள். நம் ஊரில் டிராக்டர் கடை வாசலில் வண்டிகள் நிற்குமே, அப்படி. கதவு, ஜன்னல், மின்கம்பி, குளிரூட்டிக்கான துளை, சிலவற்றில் கழிவறையும்கூடப் பொருத்தி முடித்த முழு வீடுகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு தொலைபேசி எண். இருபதடி நீளம், பத்தடி அகலம் என்பது பரவலான அளவு. இரும்புச் சட்டம், நடுவில் நுரை வைத்த தகரப் பலகைச் சுவர், தரைக்கு சிமெண்ட் பலகை. ‘கேபின்’ என்று சொல்கிறார்கள். முதலில் கட்டுமான இடங்களில் அலுவலகமாகவும் வேலையாட்கள் தங்குமிடமாகவும்தான் இவை போய்க்கொண்டிருந்தன. இப்போது குடும்பங்களும் வாங்குகின்றன.

இந்தத் தொழில் கிள்ளான் பக்கம் செழித்ததில் வியப்பில்லை. பக்கத்திலேயே கிள்ளான் துறைமுகம். இருபதடிச் சரக்குப் பெட்டிக் கணக்கில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல் கையாளும் இடம். பெட்டியைத் தூக்கவும் இறக்கவும் இழுக்கவும் தெரிந்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஆலையில் வீடு செய்வதும் உலகுக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் தொழிற்சாலையில் செய்து சாலை வழியே கொண்டுபோகும் வீடுகளுக்கு 1976 ஜூனிலிருந்தே நாடு தழுவிய தரவிதிகள் உண்டு. மலேசியாவுக்கும் ஆலையில் வார்த்த வீடு புதிதல்ல. 1960களில் கோலாலம்பூரின் பெக்கெலிலிங் அடுக்குமாடிகளை, டென்மார்க் முறையில் முன்கூட்டியே வார்த்த காங்கிரீட் பலகைகளை அடுக்கித்தான் 17 மாடிக்கு எழுப்பினார்கள். இப்போது அவை இல்லை, இடித்துவிட்டார்கள். ஆனால் முழு வீடே லோரியேறி வருவதை நான் பார்த்தது பண்டமாரானில்தான், என் அத்தை வீட்டில்.

அத்தை கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போனவர். மாமா பிறந்தது கேரித் தீவுத் தோட்டத்தில், லயத்து வீட்டில். தோட்டத்து வீடு வேலையோடு வருவது. வேலை போனால் வீடும் போகும். அதனால் மாமா சிறுகச் சிறுகச் சேர்த்து, பண்டமாரானில் முன்பக்கம் பலகை வீடும் பின்பக்கம் காலியிடமுமாக ஒரு மனை வாங்கினார். மகன், அதாவது என் மச்சான், துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறான். பெண்டாட்டி பிள்ளைகளோடு அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தான். அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பின்பக்கம் ஒரு கேபின் போட்டு வந்துவிடலாம் என்று முடிவு. நான் போய் இறங்கியபோது வீட்டில் பேச்செல்லாம் தேதியைப் பற்றித்தான். “மொதல்ல பசியாறுங்க மாப்பிள்ளை” என்று தோசையை வைத்துவிட்டு, அத்தையும் அதே பேச்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டைச் செய்யச் சில வாரங்கள். கொண்டுவந்து இறக்க ஒரு காலைப்பொழுது. மற்ற மாதங்களெல்லாம் எதற்குப் போகின்றன என்பதைத்தான் நான் அங்கே பார்த்தேன்.

கூடத்தில் தொங்கிய நாட்காட்டியில் மாமா பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட்டிருந்தார். கடைசியில் இருந்தது அடுக்குமாடியைக் காலி செய்யும் தேதி. இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்காவிட்டால் முன்பணத்தில் கைவைப்பார்கள். அதற்கு முன்னால் பால் காய்ச்சும் நாள். அதற்கு முன்னால் மின்சாரம்: மின்விநியோக நிறுவனமான தெனாகாவின் மீட்டர் வர, உரிமம் பெற்ற மின்வினைஞர் கம்பிகளைச் சோதித்து விண்ணப்பிக்க வேண்டும். தண்ணீருக்கு ஆயர் சிலாங்கூர் நிறுவனம். அதற்கும் முன்னால் வீட்டைத் தூக்கி இறக்கும் கெரேன். இன்னும் முன்னால் அடித்தளம். எல்லாவற்றுக்கும் முதலில், ஒரு கட்டு காகிதம்.

கேபின் விற்பவர்கள் காகிதத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சக்கரமில்லாத பெட்டிதானே, வைத்தால் வீடு, தூக்கினால் சாமான் என்று வாங்குகிறவர்களும் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை. நிலத்தின் உரிமைப் பத்திரமான கெரானில் அது விவசாய நிலமா, கட்டட நிலமா என்று எழுதியிருக்கும். ஆள் குடியிருக்க ஒன்றை நிறுத்தினால் 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் குறுக்கே வரும். வரைபடம் போட்டு ஊராட்சி அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும். கிள்ளானில் அந்த அமைப்பு 2024 பிப்ரவரியில் நகராண்மைக் கழகத்திலிருந்து அரச மாநகர் மன்றமாக உயர்ந்தது. மாமாவின் மனை கட்டட நிலம் என்பதால் பாதிப் பாரம் குறைந்தது. மீதிக்கு ஒரு வரைவாளரைப் பிடித்தார்கள். தாமான் எனும் குடியிருப்புகளில் வீடு விற்கும் மேம்பாட்டாளர், தரைவீடு என்றால் ஒப்பந்தம் போட்ட 24 மாதத்துக்குள் சாவி தரவேண்டும், தாமதமானால் நஷ்டஈடு கட்டவேண்டும் என்பது அங்கே சட்டம். கேபின்காரருக்கு அப்படி ஒரு கெடு இல்லை. வாங்குபவரே தன் நாட்காட்டிக்குத் தானே காவல்.

இந்த ஊருக்கே குடிபெயர்ப்பு ஒரு பழைய கதை. பண்டமாரான் மலாயாவின் அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமம். கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களுக்குச் சோறும் செய்தியும் போகாமல் தடுக்க, 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரம் குடியிருந்த லட்சக்கணக்கானோரை, பெரும்பாலும் சீனர்களை, லோரிகளில் ஏற்றிக் கம்பிவேலிக்குள் குடிவைத்தது ஆங்கிலேய அரசு. நாள் பார்க்க அவர்களுக்கு யாரும் அவகாசம் தரவில்லை. மாமா வீட்டுக்கு அடுத்த மனையில் இருக்கும் சீனப் பாட்டி அப்படி வந்த குடும்பம். தேதி பற்றிய விவாதத்தைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுவிட்டு, அவரும் தன் சீன நாட்காட்டியைப் புரட்டி இரண்டு நாள் சொல்லியனுப்பினார். அதில் ஒன்று நம் பஞ்சாங்கத்துக்கு ஆகாத நாள். மற்றொன்றை மாமா பென்சிலால் குறித்துக்கொண்டார்.

அடித்தளம்தான் என்னை அசத்தியது. பண்டமாரான் தாழ்ந்த கடலோரக் களிமண். குழி தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே சாம்பல் நிறச் சேறு. அந்தச் சேற்றில் சதுப்புநிலக் காட்டு மரமான பாக்காவின் கழிகளைக் கொத்தாக அடித்து இறக்கி, அதன்மேல் காங்கிரீட் மேடை போட்டு, மேடைமேல் குட்டைத் தூண்கள் நிறுத்தினார்கள். கழிகள் பச்சையாக, பட்டையோடு இருந்தன. நீருக்கடியில் காற்றுப் படாமல் கிடந்தால் இவை பல பத்தாண்டுகள் உளுக்காதாம். தூணின் உயரத்தை மச்சான் எப்படி முடிவுசெய்தான் தெரியுமா? 2021 டிசம்பர் 18 வெள்ளத்தில் கிள்ளான், ஷா ஆலாம் வட்டாரம் மூழ்கியபோது பலகை வீட்டுச் சுவரில் படிந்த சேற்றுக்கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. அந்தக் கோட்டிலிருந்து ஒரு முழம் ஏற்றி, தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, தூணுக்குத் தூண் மட்டம் பிடித்தான்.

நாள் குறிப்பதில் அப்பனும் மகனும் எதிரெதிர்க் கட்சி. மாமாவுக்குப் பஞ்சாங்கம். ஆடி, புரட்டாசி, மார்கழி கூடாது, வளர்பிறையாக இருக்கவேண்டும். மகனுக்குக் கடல். கிள்ளான் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஏற்றம் சில நாள் ஐந்து மீட்டரைத் தாண்டும். அப்போது வடிகால் மதகுகளை மூடிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து மழையும் பெய்தால் ஊர்த் தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கும். ஊறிய மண்ணில் கெரேன் கால் ஊன்றினால் வண்டியே சாயும். கிடைத்த ஐப்பசியோ அங்கே மழை மாதம் வேறு. வளர்பிறை முற்ற முற்ற மாமாவுக்கு மகிழ்ச்சி, பௌர்ணமி நெருங்க நெருங்க மகனுக்குக் கவலை.

இரண்டு கட்சியும் ஒரே நாளில் வந்து நின்றன. கடலின் ஏற்றம் மிகக் குறைந்திருப்பது அரைநிலா தெரியும் அஷ்டமியை ஒட்டியும், அதற்கு ஓரிரு நாள் பின்னும். அஷ்டமியும் நவமியும் ஆகாது என்று நாம் ஒதுக்குகிறோம்; அதற்கு அடுத்தது தசமி. நல்ல திதி. துறைமுக ஓத அட்டவணையில் அன்று ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் குறைவு. இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. கணித்தவர்கள் வேறு, காலம் வேறு. பார்த்த நிலா ஒன்றுதான். “நான் அப்பவே சொல்லலை?” என்றார் மாமா. அவர் சொன்னது இதை அல்ல. ஆனாலும் யாரும் மறுக்கவில்லை.

ஐப்பசி, வளர்பிறைத் தசமி, திங்கட்கிழமை. நம் ஊரில் திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9. அங்கே 1982 ஜனவரி 1-இல் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளி வைத்ததிலிருந்து சூரியன் உதிப்பதே ஏழு மணியை ஒட்டித்தான். ராகு காலமும் ஒரு மணிநேரம் தள்ளி 8.30 முதல் 10 வரை. எமகண்டம் 11.30-க்குத் தொடங்கிவிடும். இடையில் ஒன்றரை மணிநேரம். காலை நெரிசலில் கனரக லோரிக்குப் பெருஞ்சாலையில் தடை என்பதால், விடியுமுன்பே கிளம்பி வந்து தெருமுனைத் திடலில் நிற்கட்டும் என்று மச்சான் ஏற்பாடு செய்தான். முந்தின வாரமே ஒரு மூங்கிலில் லோரியின் உயரத்தையும் வீட்டின் உயரத்தையும் கூட்டிக் குறித்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் பின்னால் என்னை உட்காரவைத்து, வழிநெடுகத் தொங்கும் கம்பிகளை அளந்திருந்தான்.

குருக்களுக்கு ஒரு சிக்கல். வீடு கட்டும்போது நிலைவாசல் வைக்க ஒரு பூஜை உண்டு. இந்த வீட்டுக்கு நிலையை வைத்தவர் காப்பார் பட்டறையில் யாரோ ஒரு வங்காளதேசத்து வெல்டர். என்றைக்கு, எந்த நேரத்தில் என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? குருக்கள் கொஞ்சநேரம் யோசித்தார். நிலை எப்போது பூமியோடு சேர்கிறதோ அதுதான் நிலை வைத்த நேரம் என்றார். நவதானியமும் சிறு செப்புத்தகடும் தூணடியில் போட்டாயிற்று. மாவிலையும் மஞ்சள் துணியும் லோரியில் இருக்கும்போதே கதவு நிலையில் கட்டியாயிற்று.

திடலில் அந்த வீடு மாவிலையோடு நின்றதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. பத்து அடித்ததும் லோரி உள்ளே வந்தது. கெரேன்காரர் மலாய்க்காரர், நான்கு கால்களுக்கும் அடியில் இரும்புத் தகடு போட்டு ஊன்றி, பெட்டியின் நான்கு மூலையிலும் கொக்கி மாட்டித் தூக்கினார். தூக்கியபிறகு பார்த்தால் வாசல் மேற்கே பார்க்கிறது. லோரியில் ஏற்றியவர்கள் திருப்பி ஏற்றியிருக்கிறார்கள். “பூசிங்! பூசிங்!” என்று மச்சான் கையைச் சுழற்ற, கயிறு பிடித்த இரண்டு பேர் இழுக்க, வீடு அந்தரத்தில் மெல்லத் திரும்பிக் கிழக்கு நோக்கியது. வாஸ்துவுக்காக ஒரு வீடு ஆகாயத்தில் தன்னைத்தானே திருப்பிக்கொண்டதை வேறெங்கே பார்ப்பேன்? 11.10-க்குத் தூணில் உட்கார்ந்தது. குருக்கள் சூடம் காட்ட, கெரேன்காரர் என்ஜினை அணைத்துவிட்டு மரியாதையாக நின்றார்.

மீட்டர் வந்து, பால் காய்ச்சியது கார்த்திகையில். அடுக்களைக்காக இன்னொரு சிறிய பெட்டி வரவேண்டியிருக்கிறது. போனவாரம் தொலைபேசியில் கேட்டேன். சீனப் பெருநாளுக்குப் பட்டறையை மூடுவார்கள், அப்புறம் தைப்பூசம், அதன்பின் நோன்பு மாதம். அதனால் தை வளர்பிறைத் தசமி, வெள்ளிக்கிழமை என்றான் மச்சான். தையில் சூரியன் இன்னும் தாமதமாக உதிப்பதால், வெள்ளிக்கிழமை ராகு காலம் அங்கே பன்னிரண்டுக்கு. “அப்பாவுக்குப் பன்னிரண்டுக்குள்ள முடியணும். கெரேன்காரர் தொழுகைக்குப் போகணும், அவருக்கும் பன்னிரண்டுக்குள்ள முடியணும். இந்தத் தடவை சண்டையே இல்லை மச்சான்” என்றான்.