பரந்தன் வெளியில் ஒரு வைக்கோற் போர்

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் யாழ்ப்பாணத்தினின்றும் புறப்பட்டு, ஆனையிறவைக் கடந்து பரந்தனை அடைந்தோம். உப்புக்காற்று ஓய்ந்து வயற்காற்று வீசத் தொடங்கும் இடம் அது. 1920 ஆம் ஆண்டளவில் நிறைவெய்தி, பின்னர் பலமுறை கட்டு உயர்த்தப்பட்ட இரணைமடுக் குளமே அவ்வெளிக்கு உயிர். காலபோக அறுவடை முடிந்திருந்தது. நாம் நெல்லைக் காணச் செல்லவில்லை. நெல் போனபின் எஞ்சும் வைக்கோலைக் காணச் சென்றோம்.

எமது அத்தான் அங்கே வைக்கோல் வியாபாரம் தொடங்கி ஓராண்டாகிறது. சொந்தமாக ஒரு பரப்புக் காணியும் இல்லாதவர். வீதியோரத்து மேட்டுக்காணி இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, அயல் வயல்களின் வைக்கோலை வாங்கிப் போர் வைத்து, கோடையிற் புல் கருகும்போது குடாநாட்டு மாடுகளுக்கு அனுப்புவது அவர் எண்ணம். முதலுக்குப் போனவை அக்காவின் காப்புகள்.

முன்னாளில் உப்பட்டி கட்டிச் சூடு வைத்து, மாடு விட்டு மிதித்த வைக்கோல் நீண்டு மிருதுவாக இருக்கும். இப்பொழுதோ அறுவடை இயந்திரம் நெல்லை வயிற்றில் அடக்கிக்கொண்டு, வைக்கோலைப் பின்னால் நொறுக்கி உமிழ்ந்துவிட்டுப் போகிறது. அதைக் கூட்டி அள்ளுவது வீண்வேலை என்று கொளுத்திவிடுவோரும் உளர். உழவு இயந்திரத்திற் பூட்டிய கட்டும் யந்திரம் வந்தபின்னரே அத்தொழிலுக்கு வழி பிறந்தது.

ஆயினும் யந்திரத்திற்கு ஈரம் தெரியாது. சென்ற ஆண்டு பனி உலருமுன் கட்டிய கட்டுகளை அத்தான் அவசரமாக அடுக்கினார். நான்காம் நாள் போருக்குள் கையை விட்டவர், சுட்டதுபோல் இழுத்துக்கொண்டாராம். ஈர வைக்கோல் உள்ளே புழுங்கிச் சூடேறும். சிலவேளை தானே தீப்பற்றுவதுமுண்டு. இரவோடிரவாகப் போரைப் பிரித்தார்கள். மூன்றிலொரு பங்கு பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிட்டது. மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அதற்கிடையில், பற்றை வெட்டி வேலியடைத்த காணியைக் கண்ட உரிமையாளர் அதைத் திருப்பித் தரும்படி கேட்கலானார். வாய்ப்பேச்சுக் குத்தகையல்லவா!

இவ்வாண்டு மூன்று வருடத்திற்கு எழுத்தில் முடித்திருக்கிறார். நூற்றுக்கு 15 பங்கிற்கு மேல் ஈரமிருந்தாற் கட்டுவதில்லை. அளக்கக் கருவி ஏது? ஒரு பிடியை முறுக்கிக் காட்டினார், நொறுநொறுவென முறிந்தது. பனங்குற்றிகளைப் பரப்பி, நிலம் தொடாமற் போர் எழுப்பி, மேலே தறப்பாள் கட்டியிருக்கிறார். ஒரு மூலையிற் சிறிதளவு வைக்கோலைப் பதப்படுத்தியுமிருந்தார்: 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் இரண்டு மூன்று வாரம் மூடிவைத்தல். திறந்து நன்றாக ஆறவிட்டபின்னரே மாட்டுக்கு வைக்கலாம்; இளங்கன்றுக்கு ஆகாது.

"தம்பி, காப்பு எப்போது வரும் என்று உன் அத்தானிடம் கேள்" என்றார் அக்கா, தேநீரை நீட்டியபடி. அத்தான் பதிலளிக்கவில்லை. எம்மைப் போரடிக்கு அழைத்துச்சென்று, கட்டுகளின் இடையே கையை விடச் சொன்னார். முழங்கை வரை விட்டோம். உள்ளே குளிர்ந்தே இருந்தது.