பதினோரு மாத லேட் மார்க்

ஆபீசுக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனால் லேட் மார்க். மூன்று லேட் மார்க்குக்கு அரை நாள் லீவு அவுட். நமக்கெல்லாம் மனப்பாடமான கணக்கு! ஆனால், பிறந்ததற்கே லேட் மார்க் வாங்கிய ஒருவரை உங்களுக்குத் தெரியுமோ?

எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் இருக்கிறார். பெயர் வேண்டாம், 'தம்பி' என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் நாலணா உதைத்தாலும் பிடித்துவிடுகிற ஆசாமி. அவரைப் பதினைந்து நாள் டிரெயினிங்குக்கு சிங்கப்பூர் அனுப்பலாம் என்று மானேஜர் முடிவு செய்து, "பாஸ்போர்ட் இருக்கில்ல?" என்றார்.

"எந்த நாட்டு பாஸ்போர்ட் சார்?"

மானேஜர் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

அவருடைய அப்பா, அம்மா இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். தம்பி பிறந்தது மண்டபம் முகாமில், 1988 ஜூன் மாதம். நம் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்திருந்தால் இந்தியர். அதற்குப் பிறகு என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னும் கெடுபிடி.

"பதினோரு மாசம் லேட் சார்... கேட்டை மூடிட்டாங்க!" என்றார்.

சிங்கப்பூருக்கு சேல்ஸ் செக்ஷன்காரர் ஒருவர் போனார். அவர் கொண்டுவந்த பில்களைச் சரிபார்த்தது தம்பிதான்.

1951-ம் வருஷத்து ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று இங்கே தனிச் சட்டமும் கிடையாது. 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. குடும்பத் தலைவருக்கு மாத உதவித்தொகையும் 1,500 ரூபாய் ஆயிற்று. நல்ல காரியம்தான். ஆனால், 'எந்த நாடு?' என்ற கட்டம் மட்டும் இன்னும் காலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி இப்போது இருக்கும் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். வெளியாள் முகாமுக்குள் போக அனுமதி வாங்கவேண்டும். அதனால் டீக்கடையில் சந்திப்பு. "தேத்தண்ணி குடியுங்கோ தம்பி" என்று உபசரித்தார் அவர் அம்மா. பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் கட்டுக்கட்டாக ஃபைல்.

அவரும் முகாம்வாசிதான். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் தொண்டர். தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய அமைப்பு அது. அகதிகளுக்காக அகதிகளே வேலை செய்கிறார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களுக்குச் சுய உதவிக்குழு... முக்கியமாக, காகிதம்!

முகாமில் பிறந்த பிள்ளைக்கு முதலில் இங்கே பிறப்புச் சான்றிதழ். பிறகு பெற்றோரின் இலங்கை ஆவணங்களைத் தேடிப்பிடித்து, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு. இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை இரண்டு நாட்டிலும் ஆளில்லை!

"அம்மா, உங்கட பிறப்புச் சான்றிதழ்?" என்றார் பெரியவர்.

"வள்ளத்தில வரேக்க பெட்டியோட நனைஞ்சு போச்சு."

சலிக்காமல் எழுதிக்கொண்டார். அம்மாவுக்கே மூன்று அட்டையில் மூன்று ஸ்பெல்லிங்!

"உங்களுக்குப் பேப்பர் எல்லாம் சரியா இருக்கா?" என்று அவரைக் கேட்டேன்.

"முதல்ல பிள்ளைகளின்ர முடியட்டும்" என்றார்.

அடுத்த மாதத்திலிருந்து ஒரு ஞாயிறு நானும் போகிறேன். ஃபாரம் நிரப்புவதுதானே நமக்கெல்லாம் தெரிந்த ஒரே வித்தை? வாங்களேன், டீ என் செலவு.