வேலிக்கு உள்ளே வரும் பறவை

"சுடு, புதை, வாயைத் திறக்காதே." அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் இப்படி ஒரு வழக்கு உண்டு. அழிந்துவரும் உயிரினம் ஒன்று தன் நிலத்தில் தென்பட்டால் செய்ய வேண்டியது அதுதானாம். அதைக் காக்கும் சட்டம் உள்ளே வந்தால் மாடு மேய்க்கவும் வேலி போடவும்கூட அனுமதி கேட்டு நிற்க வேண்டிவரும் என்ற பயம். கேட்கவே கசப்பாக இருக்கிறது. ஆனால், அடிக்குப் பயந்த பிள்ளை உடைந்த பாத்திரத்தை ஒளித்துவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

வயோமிங் மாநிலத்தில் சேஜ் குரௌஸ் என்றொரு பறவை. கோழியைவிடப் பெரியது. வசந்தகால விடியலில் சேவல்கள் ஆண்டுதோறும் ஒரே திடலில் கூடி, வாலை விரித்து, மார்பில் இரண்டு மஞ்சள் பைகளை ஊதிக் காட்டி பெட்டைகளை அழைக்கும். இது அண்டி வாழும் சேஜ்பிரஷ் புதர், நம் பூக்கடை மரிக்கொழுந்துக்குப் பங்காளி. குளிர்காலத்தில் அதன் இலையைத் தவிர வேறு உணவு அநேகமாகக் கிடையாது. அதே மண்ணுக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் இருப்பதுதான் சிக்கல். கிணறும் சாலையும் இயந்திர இரைச்சலும் நெருங்கினால் திடல் காலியாகிவிடும்.

2008-இல் ஆளுநர் டேவ் ஃப்ராய்டன்தால், பறவைகள் அதிகம் உள்ள இடங்களை முக்கியப் பகுதிகளாகக் குறித்து ஆணையிட்டார். அந்தக் கோட்டுக்குள் சராசரியாக 640 ஏக்கருக்கு ஒரு கிணற்றுத்தளம். குலைக்கப்படும் நிலம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெளியே கெடுபிடி குறைவு.

கோடு போட்டால் மட்டும் போதுமா? கோடையில் மேடெல்லாம் காய்ந்தபின் குஞ்சுகளுக்குப் பசும்புல்லும் பூச்சியும் வேண்டும். அந்த ஈரப் புல்வெளிகளில் பெரும்பாலானவை தனியார் பண்ணைகளில் இருக்கின்றன. முதலில் குடியேறியவர்கள் தண்ணீர் இருந்த இடமாகப் பார்த்துத்தானே பிடித்தார்கள்! ஆகவே மத்திய அரசு பண்ணைக்காரரிடம் ஒப்பந்தம் பேசியது. பறக்கும் பறவை மோதாமல் இருக்க வேலிக் கம்பியில் வெள்ளைத் துண்டுகள் மாட்டுங்கள், மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் பறவை விழுந்தால் ஏறி வரச் சின்னச் சரிவுப்படி வையுங்கள், மேய்ச்சலை முறைப்படுத்துங்கள். இதைச் செய்தால், நாளை இந்தப் பறவை அழிந்துவரும் உயிரினங்களின் சட்டப் பட்டியலில் ஏறினாலும் உங்களிடம் கூடுதலாக எதுவும் கேட்க மாட்டோம்.

என் கணக்கில், அந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றையும் சாதித்தது. பறவையை மறைக்கக் காரணம் இல்லாமல் போயிற்று. 2015 செப்டம்பரில், பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என்று மத்திய அரசே அறிவித்தது.

இதை வெற்றி என்று மேளம் கொட்ட மாட்டேன். 1965-லிருந்து இந்தப் பறவை சுமார் 80 சதவீதம் குறைந்துவிட்டதாக அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2021-இல் மதிப்பிட்டது. புதரை எரிக்கும் காட்டுத்தீ எந்த ஒப்பந்தத்தையும் படிப்பதில்லை. வந்தேறிப் புல்லும் படிப்பதில்லை. பண்ணைக்காரரின் ஒப்பந்தக் கையெழுத்தோடு அந்த 5 சதவீத வரம்பும் கண்டிப்பாக நிற்க வேண்டும். ஒன்று இருக்கிறதென்று மற்றதைத் தளர்த்தினால் இரண்டும் போகும்.

நம் பக்கம் காற்றாலைக்கும் சோலாருக்கும் நிலம் தேடி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நோட்டீஸோடு போகாதீர்கள். செய்யப்போவதையும் செய்யாமல் விடப்போவதையும் முதலில் எழுதிக் கொடுங்கள். வரப்பில் எந்தப் பறவை முட்டையிடுகிறது என்று நிலக்காரரே காட்டுவார்.